லீவில் வந்த அண்ணன்

வெளிநாட்டுலேருந்து ஒரு ஆம்பளை வந்து இறங்கினா எங்க தெருவுல கேட்கிற முதல் கேள்வி, "எப்ப வந்திய, எப்ப போறிய?" ரெண்டையும் ஒரே மூச்சுல கேட்டுருவோம். வந்தவன் பெட்டியைக் கூட கீழ வச்சிருக்க மாட்டான். போகச் சொல்லி விரட்டுறதுக்கு இல்ல, அது எங்க பழக்கம். தூத்துக்குடில கடலை நம்பி இருக்கிற தெரு இது. தோணியில மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போறவன், கப்பல்ல வேலை பாக்கிறவன், வளைகுடாவுல மீன் பிடிக்கப் போனவன்னு வீட்டுக்கு ஒருத்தன் எப்பவும் வெளியிலதான் இருப்பான். ஊர்ல இருந்தா அவன் லீவுல வந்தவன். லீவு இல்லாம ஒரு ஆம்பளை சும்மா வீட்டுல இருந்தா, அவனுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு அர்த்தம்.

எங்க எதிர்வீட்டு அண்ணன் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் வச்சிருந்தாவ. "லீவுதான். டிக்கெட் வரணும்."

அந்த டிக்கெட் வரவே இல்ல. வராதுன்னு அவியளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும்கிறது மட்டும் அவியளுக்குத் தெரியாது. இப்படியே வருஷக்கணக்கா ஓடுச்சு. இப்ப அண்ணன் இல்ல, போயிட்டாவ. அந்த வீட்டுல வேற ஆளு குடி வந்தாச்சு. ஆனாலும் காலையில கடையைத் திறந்தா என் கண்ணு தன்னால எதிர்வாசலுக்குத்தான் போகுது.

தெருவுல அவிய பேரு மஸ்கட் அண்ணன். மஸ்கட் துறைமுகத்துல டக் போட்டுல செராங்கா இருந்தாவ. டக் போட்டுன்னா, பெரிய கப்பலை இழுத்துட்டு வந்து கரையில அணைச்சு விடுற குட்டிக் கப்பல். செராங்குன்னா அதுல வேலைக்காரங்களுக்கு மேஸ்திரி மாதிரி. இங்க எங்க துறைமுகத்துல கப்பல் சங்கு ஊதுனா, அண்ணன் வாசல்ல நின்னு காதைக் கொடுத்துக் கேப்பாவ. "கப்பலு உள்ள வருது. இங்க உள்ள டக்குக்காரன் அவசரக்காரன், கயிறை வெடுக்குன்னு இழுப்பான்" அப்படிம்பாவ. அது சரியா தப்பான்னு எனக்கென்ன தெரியும். நான் மாவுக்கடை வச்சிருக்கவ. இட்லி மாவு புளிச்சிருக்கா புளிக்கலையான்னு கேளுங்க, சொல்லுதேன்.

ஆளு பாக்க ஜம்முனு இருப்பாவ. மாதா கோயில்ல விடியக்காலைப் பூசைக்கு மணி அடிக்கும்போதே தேய்ச்ச முழுக்கைச் சட்டை, பையில பேனா, காலுல ஷூ. மேல அந்த ஊரு செண்டு வேற. அவிய தெருவைத் தாண்டிப் போன பிறகும் வாசனை நிக்கும். நாளாக ஆக செண்டு குறைஞ்சு போச்சு. கடைசில பாட்டில்ல தண்ணியை ஊத்திக் குலுக்கி அடிச்சிக்கிட்டாவ. வாசனை வராது, புஸ்ஸுன்னு சத்தம் மட்டும் எங்க வீடு வரைக்கும் கேக்கும். என் வீட்டுக்காரர் சிரிப்பாரு. நான் அதட்டுவேன். சிரிக்கிற விஷயமா அது?

அண்ணன் வந்த அதே வாரத்துல ஒருநாள் மைனி எங்க வீட்டுக்குப் பின்வாசல் வழியா வந்தாவ. மைனின்னா அண்ணன் பொண்டாட்டி. மீன் கம்பெனில இறா உரிக்கிற வேலை. பேச்சு கொஞ்சம், வேலை சாஸ்தி. பிள்ளைகுட்டி கிடையாது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாசம் வந்துட்டுப் போற புருஷன்கூட எங்கிட்டுப் பிள்ளை பெறதுன்னு அவியளே ஒருதடவை சிரிச்சிட்டே சொல்லியிருக்காவ. அன்னைக்கு வந்தவிய உக்காரக்கூட இல்ல. "உங்கண்ணனைக் கம்பெனில நிப்பாட்டிட்டாங்க. கண்ணு சரியில்லயாம், சீனி வியாதியாம், டாக்டர் சர்டிபிகேட் குடுக்க மாட்டேன்னுட்டாராம். இனி போக முடியாது. என்கிட்ட லீவுன்னுதான் சொல்லுதாவ. பையில இருந்த காயிதத்தை நான் எடுத்து வாசிச்சுட்டேன். எனக்குத் தெரிஞ்சதாக் காட்டிக்கிடல. நீங்களும் ஒண்ணும் கேட்டுராதிய. லீவுன்னு சொன்னா லீவுன்னே இருங்க. மனசு விட்டுப்போச்சுன்னா அந்த மனுசன் எந்திரிக்க மாட்டாரு." இதைச் சொல்லிட்டு, அடுத்த வீட்டுக்கும் அதையே சொல்லப் போயிட்டாவ. அப்படி ஒவ்வொரு வீடாப் போனாவ.

அன்னையிலேருந்து தெருவே நடிச்சுது. எங்க தெருவுல ஒரு தண்ணிக் குழாய்க்கு ஒத்துமையா நிக்க மாட்டோம். இதுல மட்டும் ஒரு ஆளு வாய் தவறல. முக்குல மளிகைக்கடை வச்சிருக்க அண்ணாச்சி, நாசரேத் பக்கம் பனங்காட்டு ஊர்லேருந்து வந்து கடை போட்டவரு, அவருக்கு எங்க சபை, எங்க சொந்தம் எதுவும் கிடையாது. அவரு கூட அண்ணன் கடைக்கு வந்தா, "என்ன அண்ணே, டிக்கெட் வந்துச்சா, இல்ல எங்க கூட இருப்பியளா?"ன்னு கேப்பாரு. மீன் விக்கிற அக்கா சீலாத்தலையை வெட்டிக் குறைஞ்ச விலைக்குக் கொடுத்துட்டு, நாலு பேரு காதுல விழுற மாதிரி, "மஸ்கட் அண்ணனுக்குச் சீலா மீனு!"ன்னு கூவுவா. தலையும் சீலாதான, பொய் சொன்ன பாவம் அவளுக்கு இல்ல.

கோயில் திருவிழாக் கமிட்டிக்கு வாங்கன்னு சாமியார் கூப்பிட்டா அண்ணன் மாட்டேம்பாவ. "தேரோட்டத்துக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன் சாமி." தேரோட்டம் வரும். அண்ணன் கூட்டத்துக்குக் கடைசில, கையைக் கட்டிக்கிட்டு நிப்பாவ. அவிய வாயைத் திறக்கதுக்கு முன்னாலயே நாங்க முந்திக்கிடுவோம். "டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுட்டானுவளாண்ணே? நல்லதாப் போச்சு, தேரு பாத்துட்டுப் போலாம்." அண்ணன் தலையை ஆட்டுவாவ. முகத்துல ஒரு நிம்மதி வரும் பாருங்க, அதுக்காகவே இன்னும் நாலு பொய் சொல்லலாம்னு தோணும்.

ஆனா மைனி பட்ட பாடு இருக்கே. பாயில படுத்துப் படுத்து அவியளுக்கு இடுப்பு போச்சு. ஒரு கட்டில் வாங்குவோம்னா, "ஒரு மாசம் இருந்துட்டுப் போறவனுக்கு எதுக்குக் கட்டில்?"ம்பாவ அண்ணன். ஏன், வருஷம் பூரா படுக்கிறவளுக்கு வேண்டாமா? எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். மைனிக்கு வராது. ரேஷன் கார்டு கதையும் அப்படித்தான். அண்ணன் மஸ்கட்ல இருந்தப்ப, குடும்பத்துல எல்லாரும் வந்து கைரேகை வைக்கணும்னு சொன்னாங்க. வராத பேரை எல்லாம் எடுத்தாங்க, அண்ணன் பேரும் போச்சு. திரும்பி வந்த பிறகு மைனி எத்தனை தடவை சொன்னாவ, ஒரு எட்டு போய்ப் பேரைச் சேத்துட்டு வாங்கன்னு. "நான் என்ன இங்கயா இருக்கப் போறேன்?" அதே பதில். பேரைச் சேக்கப் போனா, ஊருக்கு நிரந்தரமாத் திரும்பியாச்சான்னு கேப்பாங்க. அந்த வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போடணும். அதுக்குப் பயந்துதான் போகலைன்னு எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை மட்டும் அண்ணன் வாயால வரவழைக்க யாராலயும் முடியல.

அப்புறம் மைனிக்கு மூத்திரக்காய், அதான் கிட்னி, கெட்டுப்போச்சு. காலு வீங்கி, மூஞ்சி வீங்கி, கடைசி வரைக்கும் இறா உரிக்கப் போனாவ. பெரியாஸ்பத்திரில கொஞ்சநாள் கிடந்தாவ. அண்ணன் கூடவே இருந்தாவ, முழுக்கைச் சட்டையோட. நர்ஸுக்காரி யாரும் கேட்டா அவளுக்கும் லீவுல வந்தேன்னுதான் சொன்னாவ. மைனி போயிட்டாவ. அடக்கம் முடிஞ்சு வந்த அன்னைக்கு சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டாரு, இனி என்ன மச்சான் செய்யப் போறிய, தனியா எப்படி இருப்பியன்னு. "இனி இங்க எனக்கு என்ன இருக்கு, லீவை ரத்து பண்ணிட்டுக் கிளம்பிர வேண்டியதுதான்"ன்னாவ. நாங்க யாரும் யாரு முகத்தையும் பாக்கல.

அதுக்கப்புறந்தான் கஷ்டம். இவ்வளவு நாளா அடுப்பு எரிஞ்சது மைனி கையால. அண்ணன் சம்பாதிச்சது எல்லாம் தங்கச்சிமாரு கல்யாணத்துக்கும், தம்பிமாரு வீட்டுக்கும் எப்பவோ போயிருச்சு. அவங்க இப்ப போன் பண்றது கூட இல்ல. கார்டுல மைனி பேரு மட்டும் இருந்ததால அந்தக் கார்டும் செத்துப் போச்சு, அரிசியும் நின்னு போச்சு. கொஞ்சநாள் உப்புக் குடோன் ஒண்ணுல வாட்ச்மேனாப் போனாவ. எங்ககிட்ட, "சிநேகிதன் குடோன்தான், பொழுது போகலைன்னு ஒத்தாசைக்குப் போறேன்"ன்னு சொன்னாவ. கண்ணு மங்கிப் போகவும் அதுவும் போச்சு.

நான் தினமும் இட்லி நாலு அவிச்சுக் கொண்டு போவேன். சும்மா குடுத்தா வாங்க மாட்டாவ. "அண்ணே, இன்னைக்கு உளுந்து புது உளுந்து. மாவு சரியா வந்திருக்கான்னு சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க, பிறகு யாவாரம் கெட்டுரும்"ம்பேன். அண்ணன் ரொம்ப மும்முரமாச் சாப்பிட்டுப் பாத்து, "கொஞ்சம் உப்பு கூட, மத்தபடி சுகம்"னு தீர்ப்புச் சொல்லுவாவ. ஒரு நாளு அவசரத்துல நேத்து மிஞ்சின மாவுல ஊத்திட்டேன், கல்லு மாதிரி இருந்துச்சு. அதையும் தட்டுல ஒண்ணு மிச்சம் வைக்காமச் சாப்பிட்டுட்டு, "நல்லா இருக்குளா"ன்னாவ. அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, அந்த நாலு இட்லிதான் அவியளுக்கு அன்னைக்குப் பூரா சாப்பாடு. வீட்டுக்கு வந்து அழுதேன்.

மறுநாளு நேராப் போய்ச் சொல்லிட்டேன். முதியோர் பணத்துக்கு எழுதிப் போடுவோம்ணே. மாசாமாசம் வரும், அரிசியும் கிடைக்கும். அண்ணன் எந்திரிச்சு உள்ள போயிட்டாவ. நான் விடல. ஒரு வாரம் போய் நின்னேன். ஒரு நாளு தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "தெருவுக்குத் தெரியக் கூடாது. அப்படின்னா போடு"ன்னாவ. எங்க தெருப் பக்கமா உள்ள கம்ப்யூட்டர் சென்டர்ல போட்டா ஆளு பாத்துரும்னு, மாப்பிள்ளையூரணி வரைக்கும் ஆட்டோவுல கூட்டிட்டுப் போய்ப் போட்டேன். அங்க இருந்த பொண்ணு கேள்வி மேல கேள்வி கேட்டா. கார்டு எங்க, கார்டுல பேரு எங்க, இத்தனை வருஷம் எங்க இருந்திய, எப்ப ஊருக்கு வந்திய, இனி இங்கதானா? அண்ணன் சுவத்தைப் பாத்துட்டு நின்னாவ, நான்தான் பதில் சொன்னேன். ஆதார்ல எங்க தெரு முகவரி இருந்துச்சு, அதை வச்சுப் பதிஞ்சா. "வி.ஏ.ஓ. வந்து விசாரிப்பாரு. நிரந்தரமா இந்த ஊர்ல குடியிருக்காங்களா, ஆதரவு இல்லாதவங்களான்னு அக்கம்பக்கம் கேப்பாரு. அவரு சரின்னாத்தான் கிடைக்கும்"ன்னா.

அந்த வி.ஏ.ஓ. வந்த அன்னைக்கு நான் ஊர்ல இல்ல. மணப்பாட்டுல தங்கச்சி மவ கல்யாணம். அண்ணனும் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாவ. வீடு பூட்டிக் கிடக்கவும், அந்தத் தம்பி நேரா முக்குக் கடைக்குப் போயிருக்காரு. பையும் கையுமா அசலூரான் ஒருத்தன் வந்து மஸ்கட் அண்ணனைப் பத்தித் துருவித் துருவிக் கேட்டா, அண்ணாச்சி என்ன நினைப்பாரு? எழுதிப் போட்ட விஷயம் அவருக்குத் தெரியாது. தெருவுல ஒரு ஆளுக்கும் தெரியாது.

அண்ணாச்சி சொல்லியிருக்காரு, "அவியளா? இங்க ஏது இருக்காவ, மஸ்கட்லலா இருக்காவ. இப்ப லீவுல வந்திருக்காவ. டிக்கெட் வந்தா கிளம்பிருவாவ."

மீன்கார அக்கா கூடையை இறக்கி வச்சிட்டு வந்திருக்கா. "பெரிய செராங்கு. கம்பெனிக்காரன் கூப்பிட்டுக்கிட்டே கிடக்கான். அவியளுக்கு என்ன குறை? தினம் சீலாமீன்தான் வாங்குதாவ."

அந்தத் தம்பி விடாம இன்னும் நாலு வீட்டுல கேட்டிருக்காரு. நாலு வீடும் அதையேதான் சொல்லியிருக்கு. ஒரு வார்த்தை மாறல. மைனி சொல்லிக் குடுத்த பாடம் அப்படி. நான் ஊர்ல இருந்திருந்தா தடுத்திருப்பேன். ஆனா விஷயம் தெரியாம இருந்திருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், சத்தியமா.

கல்யாணத்துலேருந்து வந்து சேந்தா என் போனுக்கு மெசேஜ் வந்து கிடக்கு. மனு நிராகரிக்கப்பட்டது. நிரந்தரக் குடியிருப்பு இல்லை, வெளிநாட்டில் பணிபுரிகிறார். என் வீட்டுக்காரர் விசாரிச்சுட்டு வந்து நடந்ததைச் சொன்னாரு. மஸ்கட்ல இருந்த காலம் பூரா அந்த ஊர்க்காரன் அவியளை அசலூரான்னு சொன்னான். இங்க காசு அனுப்பி அனுப்பி இந்த ஊரை நிமித்தி விட்டவியளுக்கு, இங்க குடியிருப்பு இல்லைன்னு எழுதிட்டாங்க. ஒரு மனுசன் எங்கதான் குடியிருக்கிறது?

இதை அண்ணன்கிட்ட எப்படிச் சொல்லன்னு மென்னு முழுங்கிக்கிட்டுப் போனேன். சொன்னேன். பணம் வராதுண்ணே, தெருவுல விசாரிச்சிருக்காங்க, எல்லாரும் நீங்க லீவுல வந்திருக்கியன்னு சொல்லிட்டாவ.

அண்ணன் நிமிந்து உக்காந்தாவ. "அப்படியா சொன்னாவ? எல்லாருமா?"

"எல்லாருந்தாண்ணே."

"அண்ணாச்சியுமா?"

அந்த மங்கின கண்ணுல ஒரு வெளிச்சம். பணம் போனது அவிய காதுல விழவே இல்ல. "பாத்தியாளா, நம்மளுக்குத் தெருவுல உள்ள மரியாதையை"ன்னாவ. வயிறு ஒட்டிப்போயி உக்காந்திருக்க மனுசன் அப்படிச் சிரிச்சா, நான் என்ன செய்ய? வெளிய வந்து அண்ணாச்சி கடையில போய் ஒரு மூச்சு கத்தினேன். அவரு பாவம், தராசைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. "எனக்குத் தெரியாதேம்மா. அவிய மானம் போகக் கூடாதுன்னுலா சொன்னேன்"ன்னாரு. அவரு சொன்னதும் நியாயந்தான். யாரைத் திட்ட?

ஆனா பசிக்கு மானம் தெரியாதே. நான் மறுபடி எழுதிப் போட்டேன், அண்ணன்கிட்ட நைசாக் கைரேகை வாங்கி. இந்தத் தடவை வீடு வீடாப் போனது நான். மைனி போன அதே வாசல் எல்லாம் ஏறி இறங்கினேன். இனி நடிக்க வேண்டாம், வி.ஏ.ஓ. வந்தா உள்ளதைச் சொல்லிருங்க, அந்த மனுசன் பட்டினி கிடக்காருன்னு சொன்னேன். மீன்கார அக்கா அழுதுட்டா. "நானா சொல்லணும்? என் வாயால எப்படிளா சொல்ல?"ன்னா. சொல்லணும்க்கா, சொன்னாத்தான் சோறுன்னேன்.

அந்தத் தம்பி திரும்ப வரப்போற நாளு தெரிஞ்சுது. அண்ணன் காதுல எதுவும் விழக்கூடாதுன்னு, அன்னைக்குக் காலையில பூசை முடிஞ்சதும் கோயில்லயே இருங்க, சாமியார் உங்களைப் பாக்கணுமாம்னு ஒரு பொய்யைச் சொல்லி வச்சேன். எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். சாமியார் வெளியூர் போயிட்டாருன்னு மணி அடிக்கிற கோயில்பிள்ளை சொல்லவும், அண்ணன் உடனே திரும்பி வந்து, வீட்டுக்குள்ள போயிட்டாவ. பின்வாசல் வழியாப் போனதால நாங்க யாரும் பாக்கல.

தெருவே அந்தத் தம்பியைச் சுத்தி நிக்குது, அண்ணன் வீட்டு வாசல்ல. அண்ணாச்சி கடையை விட்டுட்டு வந்து நின்னாரு. "நான் அன்னைக்குச் சொன்னது பொய்யி சார். அவிய வந்து எவ்வளவோ வருஷம் ஆச்சு. வேலை கிடையாது, கம்பெனி அனுப்பிட்டான். எங்களுக்கு முதல்லேருந்தே தெரியும்." மீன்கார அக்கா, "சீலாத்தலை வாங்கக்கூட இப்ப காசு இல்ல சார்"ன்னு சொல்லி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சொன்னாங்க. வேண்டிக் கேட்டுக்கிட்டது நான்தான், ஆனா கேக்கக் கேக்க எனக்கே போதும் போதும்னு ஆயிருச்சு.

கதவு திறந்துச்சு. அண்ணன் நின்னாவ, தேய்ச்ச சட்டை, பேனா, எல்லாத்தோடயும். அவ்வளவு நேரமும் கதவுக்குப் பின்னாலயே நின்னிருக்காவ.

அந்தத் தம்பி நல்ல பையன். தணிஞ்ச குரல்ல கேட்டாரு. "ஐயா, இவங்க சொல்றதை எழுதிக்கிட்டேன். ஆனா நீங்க உங்க வாயால சொல்லணும். வெளிநாட்டுலேருந்து நிரந்தரமாத் திரும்பிட்டீங்களா? இனி போகிற எண்ணம் இருக்கா?"

அண்ணன் தெருவை ஒரு தடவை பாத்தாவ. ஒவ்வொரு முகமாப் பாத்தாவ. நாங்க எல்லாரும் தரையைப் பாத்தோம்.

"வந்துட்டேன் சார். இனி போகமாட்டேன். இங்கதான் இருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாவ. உள்ள போய்க் கதவைச் சாத்திட்டாவ. அந்தத் தம்பி எழுதிக்கிட்டு போனாரு. அப்புறம் பணம் வந்துச்சு, அரிசியும் வந்துச்சு. கொஞ்ச மாசம் வாங்கினாவ. அதுவரைக்கும் உயிரோட இருந்தாவ, அது போதும். என்னைக் கேட்டா அது இல்ல விஷயம். அன்னைக்குச் சாயங்காலம் நடந்ததுதான் இன்னும் என் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

நான் கிரைண்டரைக் கழுவிக்கிட்டு இருந்தேன். அண்ணன் கடை வாசல்ல வந்து நின்னாவ. லுங்கிச் சாரமும் பனியனுமா வந்திருந்தாவ. அவியளைச் சாரம் கட்டித் தெருவுல நான் பாத்ததே கிடையாது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உக்காந்தாவ. நான் கழுவின குழவியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டு இருந்தேன்.

"ஏளா. எப்பலேருந்து உங்களுக்கு எல்லாம் தெரியும்?"

மறுபடியும் ஒரு பொய் சொல்லலாமான்னு நினைச்சேன். அந்தத் தெம்பு அன்னைக்கு எனக்கு இல்ல. "வந்த வாரத்துலேருந்தே தெரியும்ணே"ன்னு சொன்னேன்.

"யாரு சொன்னா?"

நான் கிரைண்டரைத் துடைக்கக் குனிஞ்சேன். அண்ணன் திரும்பவும் கேட்டாவ. எனக்கு வேற வழி தெரியல.

"மைனிதாண்ணே. உங்க பையில இருந்த காயிதத்தை வாசிச்சிருக்காவ. உங்க மனசு நோகக் கூடாதுன்னு அவியதான் வீடு வீடா வந்து எங்ககிட்டச் சொல்லிட்டுப் போனாவ."

அண்ணன், என்கிட்டச் சொல்லுதாவளா தனக்கே சொல்லிக்கிடுதாவளான்னு தெரியாத மாதிரி சொன்னாவ.

"ஆஸ்பத்திரில, கடைசி நாளு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு கேட்டா. லீவு இன்னும் எத்தனை நாளு இருக்குன்னு. அவளுக்குத் தெரியாதுன்னு நினைச்சு, ஒரு மாசம் இருக்குன்னேன். சரின்னுட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. அதுக்கப்புறம் என்கிட்டப் பேசல."

நான் குழாயை மூடிட்டு நின்னேன்.

"தெரிஞ்சு வச்சுக்கிட்டேதான் கேட்டாளா?"ன்னாவ. "அப்படின்னா அவ லீவைக் கேக்கலளா. இனி போகமாட்டேன், உன்கூடத்தான் இருப்பேன்னு நான் சொல்லுதேனான்னு பாத்திருக்கா."

அண்ணன் ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதாவ. அழுகைக்கு நடுவுல அந்த வி.ஏ.ஓ.வை நினைச்சுச் சொன்னாவ, "அவன் யாருளா எனக்கு? அவன் கேட்டவுடனே சொல்லிட்டேனே. அவகிட்டச் சொல்லலையே."